எஃப் ஃபோர் அமுக்காத நாள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டிக்கர் கடையில் ஜீவராணிக்கு வேலை. கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் கண்ட்ரோல். கீபோர்டில் அந்தப் பொத்தான் மேலேயே இடது கைச் சுண்டுவிரல் எந்நேரமும் கிடக்கும். அதனால் வந்த பெயர்.

"நம்ம கடையில கண்ட்ரோல் உள்ள ஆளு இவ ஒருத்திதான்" என்று சிவசாமி முதலாளி வருகிறவர்களிடம் சொல்லுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி. பால் விடாமல் சீனி தூக்கலாகப் போட்ட பிளேன்டித் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொல்லுவார்.

ஆட்டோவின் பின்கண்ணாடிப் பெயர், பள்ளிக்கூட வேன் ஸ்டிக்கர், தேர்த் திருவிழா பேனர், மரண அறிவித்தல் என்று எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். கோரல் என்கிற கம்ப்யூட்டர் மென்பொருளில் வரைவது கோட்டால் ஆனது. புகைப்படம் மாதிரி புள்ளியால் ஆனது அல்ல. தீப்பெட்டி அளவில் வரைந்ததை ஃபெக்டரிச் சுவர் அளவுக்கு இழுத்தாலும் ஓரம் கலங்காது. அந்த ஒரு சங்கதிக்காகவே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கொழும்பில் கார்மென்ட்டில் இருந்த காலத்தில் அவள் தைத்ததெல்லாம் யாரோ வெட்டிக் கொடுத்த துணி. இங்கே கோடு அவளுடையது.

வேலையை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கெட்டுப்போன ஒவ்வொரு வேலையும் ஒரு சுருக்குவழியைக் கற்றுக்கொடுத்தது. ஒருமுறை அம்மன் தேர் பேனரைக் கண்டிக்கு அச்சடிக்க அனுப்பினாள். அங்கே அந்தத் தமிழ் ஃபொன்ட் இல்லை. அம்மன் பெயர் முழுக்க இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டி, பேனர் அப்படியே அடித்து வந்தது. அன்றிலிருந்து கண்ட்ரோல் கியூ அமுக்காமல் எந்த வேலையையும் வெளியே விடமாட்டாள். அதை அமுக்கினால் எழுத்து வெறும் உருவமாகிவிடும், எந்தக் கம்ப்யூட்டரும் குழப்ப முடியாது. ஆனால் பிழை இருந்தால் திருத்தவும் முடியாது, அதனால் முதலில் ஒரு காப்பி தனியாக. ஸ்டிக்கர் வெட்டும் கத்திக்குப் போகிற எழுத்தில் 'கி'யின் விசிறியும் 'கெ'யின் கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கத்தி குறுக்கே வெட்டிப்போடும். அதற்கு வெல்ட், எல்லாவற்றையும் ஒரே உருவமாக ஒட்டிவிடும். கண்ட்ரோல் கே அமுக்கிப் பிரித்தால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு கண் மூடினது போல் ஆகும். கண்ட்ரோல் எல் அமுக்கினால் கண் திறக்கும்.

இன்னும் இரண்டு உண்டு, கதை அந்த இரண்டில்தான் இருக்கிறது. ஒன்று குளோன். ஒரே உருவம் பல இடத்தில் வருகிறதென்றால் ஒன்றை மட்டும் வரைந்து, மற்றவற்றைக் குளோனாகப் போடுவாள். முதலாவது தாய், மற்றதெல்லாம் பிள்ளை. தாயின் நிறத்தை மாற்றினால் பிள்ளைகளின் நிறமும் மாறும். தாயைத் திருப்பினால் பிள்ளைகளும் திரும்பும். அரை நாள் வேலை அரை நிமிஷத்தில் முடியும். மற்றது எஃப் ஃபோர். அதை அமுக்கினால் பைலில் இருக்கிற அத்தனையும் ஒரே திரையில் வந்து நிற்கும். அச்சுக்கு விடுவதற்கு முன் எஃப் ஃபோர் அமுக்கி, கையை எடுத்துவிட்டு, கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். இது அவளே போட்ட சட்டம். கடையில் வேறு யார் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் பின்னால் நின்று, "எஃப் ஃபோர் அமுக்குனீங்களா?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

அவள் வீடு டிக்கோயாவைத் தாண்டி கருங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்தில். கணவன் நிரோஷன் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் இருக்கிறான். மகன் தர்ஷனுக்கு நாலு வயது. பகலில் பிள்ளைக் காம்பிராவில் இருப்பான். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற நேரம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. முன்பு அவர்கள் இருந்தது தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில். அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளின் சுவர் வெடித்தது. இருக்கிறது ஆபத்து என்று சொல்லி, இருபது குடும்பத்தையும் கீழ்க்கணக்கு லயத்துக்கு இறக்கினார்கள். இந்த வருஷம் கீழ்க்கணக்கு லயத்தின் முதுகுப் பக்கத்து மலையிலும் வெடிப்பு. வெடித்த மலையிலிருந்து இறக்கி, வெடிக்கப் போகிற மலையின் காலடியில் குடிவைத்தார்கள். காகிதத்தில் அதற்குப் பெயர் பாதுகாப்பான இடமாற்றம்.

அதிகாரிகள் வந்து வெடிப்பில் பெயின்ட் அடித்து அளந்தார்கள். மழை மிஞ்சினால் ஃபெக்டரிச் சங்கு விட்டுவிட்டு ஊதும், ஊதினால் எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். வழியும் அவர்கள் சொன்னதுதான். லயத்திலிருந்து போகும் பாதை பல இடத்தில் இரண்டாகப் பிரியும். வலது கைப் பக்கம் ஏறினால் கோயில். இடது கைப் பக்கம் இறங்கினால் ஆறு. ஆற்றுப் பாதை வெடித்த மலைக்கு நேர் கீழே போகிறது. அதில் மட்டும் யாரும் போகக்கூடாது. கீழ்க்கணக்கு ஆட்களுக்கு அது மனப்பாடம். மேல்கணக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பாதை புதிது. அவர்களுக்காகத்தான் பலகை வைக்க முடிவானது.

தோட்டத் தலைவர் வீரய்யா கடைக்கே வந்தார். மேலே சிங்களம், கீழே தமிழ், நடுவில் பெரிய சிவப்பு அம்பு, சுற்றிலும் மஞ்சள் கட்டம்.

"பாக்கிறதுக்கு கவர்மென்ட் போர்டு மாதிரி இருக்கணும் புள்ள. அப்பதான் தோட்டத்து தொர கழட்டச் சொல்ல மாட்டாரு" என்றார்.

ஜீவராணி அப்படியே செய்தாள். நிறைவாகவே செய்தாள். பிரிகிற இடத்துக்கு ஒரு பலகை. எல்லாவற்றிலும் அம்பு வலது பக்கம். ஒரு அம்பை வரைந்து, மற்றதையெல்லாம் குளோன் போட்டாள். எழுத்தைத் தனியாக அடித்து ஒவ்வொன்றிலும் வைத்தாள்.

கடைசியில் பிள்ளைக் காம்பிராவின் கண்ணாடிக்கு ஒன்று. அந்த ஜன்னல் பாதையைப் பார்த்து இருக்கிறது. வெளிப்பக்கம் எப்போதும் ஈரமும் பாசியும், ஸ்டிக்கர் ஒட்டினால் நிற்காது. அதனால் அந்தப் பக்கம் தெரிகிற ஸ்டிக்கரில் இடம்வலம் மாற்றி அடித்து, உள்பக்கமாக ஒட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். எழுத்தையும் அம்பையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினாள். அவள் பிடித்த அம்பு தாய் அம்பு.

திரையில் அப்போது அந்தக் கண்ணாடி வேலை மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. மற்றப் பலகைகள் திரைக்கு வெளியே கிடந்தன. எல்லாவற்றிலும் அம்பு மட்டும் சத்தமில்லாமல் திரும்பியது. எழுத்து திரும்பவில்லை. அந்த நேரம் கரண்ட் போய், கம்ப்யூட்டரைத் தாங்குகிற பெட்டரி கீக்கீ என்று கத்தத் தொடங்கியது. அது செத்துவிடும் முன் பைலை மூட வேண்டும் என்ற அவசரத்தில் கை எஃப் ஃபோருக்குப் போகவில்லை. கரண்ட் வந்ததும் முதலாளியே அச்சுக்கு விட்டார். அவள் அப்போது சாப்பிடப் போயிருந்தாள்.

எழுத்து தலைகீழாகப் போனால் ஊரே சொல்லும். அம்பு திரும்பிப் போனால் அது அம்பு மாதிரியேதான் இருக்கும்.

கண்ணாடி ஸ்டிக்கரை மட்டும் அவளே பிள்ளைக் காம்பிராவுக்குக் கொண்டுபோய், சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினாள். பிள்ளைக் காம்பிராவைப் பார்க்கிற பவுலின் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். பவுலின் லிந்துலைக்காரி. இந்தத் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான். அவளுக்கும் பாதை புதிது. மற்ற ஸ்டிக்கர்களை வீரய்யா தகரப் பலகைகளில் ஒட்டக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் ஆள் வைத்துப் பிரிவுகளில் நின்ற மரங்களில் அடித்தார்.

அன்று மத்தியானத்துக்கு முன்பே வானம் இறங்கிவிட்டது. ஹட்டன் டவுனில் கடைகளுக்குள் பகலிலேயே மெழுகுதிரி. ஜீவராணியின் போனுக்குப் பவுலினிடமிருந்து இரண்டு படம் வந்தது. அதன் கீழே எழுதியிருந்தாள்: 'ஜீவா, கண்ணாடியில கோயில் பக்கம் காட்டுது. பலகையெல்லாம் ஆத்துப் பக்கம் காட்டுது. எடத்த மாத்திட்டாங்களாமே, எல்லாரும் சொல்றாங்க. எது சரி?'

செல்ஃபி கேமராவில் எடுத்திருப்பாள், படம் திரும்பியிருக்கும் என்று ஜீவராணி முதலில் நினைத்தாள். அப்படியானால் எழுத்தும் திரும்பியிருக்க வேண்டுமே. எழுத்து நேராக இருந்தது.

பைலைத் திறந்தாள். பெட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. எஃப் ஃபோர் அமுக்கினாள். திரை நிறைய அம்புகள், அத்தனையும் இடது பக்கம் பார்த்து, வரிசை தவறாமல், வெடித்த மலையின் அடிக்குப் போகச் சொல்லி நின்றன. 

பலகை அடிக்கப் போனவர்களுக்கு வழி தெரியாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நன்றாகத் தெரியும். ஆற்றுப் பக்கம் காட்டுகிறதே என்று ஒருவன் கேட்கவும் கேட்டானாம். மற்றவன், மேலே சிங்களத்தில் போட்டிருக்கிறது, மேலிடத்தில் இடத்தை மாற்றியிருப்பார்கள், நமக்கென்ன என்றானாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பொழுது ஏறுவதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று லயம் முழுக்கக் கதை. நாலு தலைமுறை பெரட்டுக் களத்தில் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடக் காத்து நின்று பழகிய சனம். தன் காலுக்குத் தெரிந்த பாதையைவிடத் தகரத்தில் எழுதியதை நம்பியது. கண்ணாடி ஒன்று வேறு பக்கம் காட்டியதையும் பார்த்தார்கள்தான். பலகை நிறைய, கண்ணாடி ஒன்று. ஓட்டெடுப்பில் கண்ணாடி தோற்றது.

பவுலினுக்கு அடித்தாள். போன் போகவில்லை. திரும்பத் திரும்ப ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் தொடர்பு இல்லை என்றது. தோட்டத்து டவர் கரண்டோடு சேர்ந்து செத்திருக்கும். வீரய்யாவுக்கு அடித்தாள். அதுவும் அப்படியே. முதலாளியிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கரண்ட் இல்லாமல் என்னத்தை அடிப்பது, நாளைக்கு முதல் வேலையாக அடித்துக் கொடுக்கலாம் என்று தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் கை தானாகக் கீபோர்டில் அலைந்தது. அம்பை மட்டும் திருப்பினால் பைல் சரியாகிவிடும். ஆனால் பைலில் சரியாகி என்ன பயன், மரத்தில் அடித்தது அடித்ததுதான். ஒரு பலகையை முழுசாகப் பிடித்து அரை வட்டம் சுற்றினாள். எழுத்து தலைகீழாக நின்றது. அம்பு கோயில் பக்கம் பார்த்தது.

புது ஸ்டிக்கர் தேவையில்லை. ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தலைகீழாக அடித்தால் போதும். ஒரு சுத்தியல் வேலை. அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம்.

குடையை எடுத்தாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. டிக்கோயா பஸ்ஸில் ஏறினாள். டிக்கோயா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "பார வஹலா" என்றான். பாதை மூடியாயிற்று. முன்னால் மண் இறங்கி ரோட்டைப் பாதி தின்றிருந்தது. மற்றவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஜீவராணி இறங்கி, அந்தச் சேற்றைக் குறுக்கே கடந்து நடந்தாள். செருப்பில் ஒன்று சேற்றோடு போனது. மற்றதைத் தானே கழற்றி எறிந்தாள்.

நடக்கும்போது மனம் ஒரே கணக்கைப் போட்டது. தர்ஷன் பிள்ளைக் காம்பிராவில். பவுலினுக்குப் பாதை தெரியாது. பவுலின் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை.

ஒரு வளைவில் போனில் ஒரு கோடு சிக்னல் ஏறியது. வீரய்யா எடுத்தார்.

"தலைவரே, பலகையெல்லாம் பொழ. அம்பு மாறிப் போச்சு."

"என்னா புள்ள சொல்ற? மேலெடத்து உத்தரவுன்னுல்ல நெனச்சோம்."

"மேலெடமும் இல்ல கீழெடமும் இல்ல. என் கைப் பொழ தலைவரே. ஆத்துப் பக்கம் யாரையும் விட்றாதீங்க. பலகைய தலகீழா திருப்பி அடிங்க. தலகீழா அடிச்சா சரியாயிரும்."

"எழுத்து தலகீழா நிக்குமே. சிரிக்க மாட்டானுங்க?"

"சிரிக்கட்டும். பவுலின் அக்காகிட்ட சொல்லுங்க, கண்ணாடிதான்…"

லைன் அறுந்தது. அவர் எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. அவள் மழைக்குள் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். அந்த ஒரு கோடு திரும்ப வரவில்லை. வேறு சத்தம் வந்தது. ஃபெக்டரிச் சங்கு ஊதி, நின்று, மறுபடி ஊதியது.

ஓடினாள். தோட்டத்துக்குள் நுழைந்து முதல் பிரிவில் பலகை தலைகீழாக நின்றது. ஆணியைச் சுற்றிப் புது மரச் சிராய். அடுத்ததும் அப்படியே. அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. லயம் காலியாக இருந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைக் காம்பிராவின் கதவும் திறந்திருந்தது. தொட்டில் சேலைகள் தொங்கின. பிள்ளை ஒன்றுமில்லை. கண்ணாடியில் அவள் ஒட்டிய அம்பு கோயில் பக்கம் காட்டியபடி இருந்தது.

அதற்கு எதிரே, பிள்ளைக் காம்பிரா முக்கில் இருந்த பலகை நேராக நின்றது. எழுத்து அழகாக, சுத்தமாக, படிக்கிற மாதிரி. அம்பு ஆற்றுப் பக்கம். சுத்தியல் இதுவரை வந்து சேரவில்லை.

பவுலின் எந்தப் பக்கம் போனாள்? சேற்றில் கால் தடம் பார்த்தாள். மழை தடம் வைத்திருக்கவில்லை. கூப்பிட்டாள். மழைச் சத்தம்தான் திரும்பி வந்தது. கோயிலுக்கு ஓடிப் பார்க்கத்தான் கால் இழுத்தது. ஆனால் கோயிலுக்குப் போயிருந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆற்றுப் பக்கம் போயிருந்தால்தான் ஆள் வேண்டும். பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பிடுங்கினாள். ஒரு ஆணி வந்தது, மற்றது வரவில்லை. பலகை சரிந்து தரையைக் காட்டி நின்றது. அதுவும் போதும் என்று விட்டுவிட்டு, வெடித்த மலைக்குக் கீழே போகிற பாதையில் இறங்கினாள்.

மலைப் பக்கமிருந்து பாதைக்குக் குறுக்கே செந்தண்ணீர் ஓடியது. சின்னக் கற்கள் உருண்டன. ஒவ்வொரு கல்லுக்கும் அவள் நின்று மேலே பார்த்தாள், பிறகு ஓடினாள். தர்ஷா, தர்ஷா என்று கூப்பிட்டதில் குரல் போய்விட்டது.

நடைபாலத்துக்குக் கிட்டத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். மூட்டையும் முடிச்சுமாக ஏழெட்டுப் பேர், எல்லாம் அவளுடைய மேல்கணக்கு ஆட்கள். அவர்களை மாடு திருப்புகிற மாதிரி கையை விரித்து மேலே விரட்டிக்கொண்டு வந்தார் வீரய்யா. கையில் சுத்தியல், அடுத்த பிரிவு வழியாக இறங்கியிருந்தார். பிள்ளைகள் யாரும் அதில் இல்லை.

"எம் புள்ள?" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"கோயில்ல இருக்கான். பவுலின் எல்லாத்தையும் கூட்டிட்டு சங்கு ஊத முந்தியே ஏறிட்டா. நான் கேட்டேன், போர்டு ஆத்துப் பக்கம்ல காட்டுச்சுன்னு. கண்ணாடி ஜீவா கையால ஒட்டுனது, பலகைய எவன் அடிச்சானோன்னா."

ஜீவராணி அங்கேயே சேற்றில் உட்காரப் போனாள். வீரய்யா அதட்டி எழுப்பினார். உட்காருகிற இடமா அது.

ஏறும்போது வீரம்மா என்கிற கிழவி, தலையில் பானையோடு, மூச்சு வாங்க வாங்க, "மேக்கணக்குல இருந்து அவனுங்க எறக்குனானுங்க. நீ ஆத்துக்கே எறக்கப் பாத்தியாடி?" என்றாள். ஜீவராணி பானையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைக் காம்பிரா முக்கில் வீரய்யா நின்று, சரிந்து கிடந்த பலகையைத் தலைகீழாக்கி அடித்தார்.

கோயில் மண்டபத்தில் தர்ஷன் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, செருப்பு எங்கே என்று கேட்டான்.

அன்று மலை விழவில்லை. வெடிப்பு அகன்றது. நடைபாலம் பொழுது சாய்வதற்குள் தண்ணீருக்குள் போனது. அந்த ஏழெட்டுப் பேரும் திருப்பப்படாமல் போயிருந்தால் அதைக் கடந்து அக்கரையில் நின்றிருப்பார்கள், இல்லை அதன் மேலேயே நின்றிருப்பார்கள். இதை லயத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஜீவராணி குளோன் போடுவதை விட்டுவிட்டாளா என்றால் இல்லை. அது தொழிலுக்கு வேண்டும். ஆனால் பிளஸ் பொத்தானை அமுக்கித் தனித்தனிக் காப்பியாகத்தான் அந்தப் பலகைகளை மறுபடி செய்தாள். அச்சுக்கு விடும் முன் எஃப் ஃபோர் அமுக்கினாள். அமுக்கிப் பார்த்தாள். மூடினாள். திறந்து மறுபடி அமுக்கினாள். முதலாளி பிளேன்டியோடு வந்து பின்னால் நின்று, "போதும் கண்ட்ரோல், அம்பு பயந்துரும்" என்றார்.

புதுப் பலகை கொண்டுபோன அன்றும் தூறல். அடிக்க வந்தவர்கள் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு நின்றார்கள், யாரும் அடிக்கவில்லை. பவுலின் விடவில்லை.

"மொதல்ல நீ நில்லு ஜீவா. நீ கையக் காட்டு. அப்புறம் அடிக்கட்டும்."

ஜீவராணி பிரிவில் போய் நின்றாள். வலது கையை நீட்டினாள். நீட்டிய கையைத் தானே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கோயில் மணிக்கூண்டு தெரிந்தது. முதல் ஆணி இறங்கியது. கடைசி ஆணி இறங்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. பிறகு அடுத்த பிரிவுக்கு நடந்தாள்.